பதநீரும் பீர்த் திருவிழாவும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் சென்ற பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அந்நகரில் அக்டோபர் மாதத்தையொட்டி உணவும் பீரும் சேர்ந்த திருவிழாக்கள் நடப்பதுண்டு. 1810 அக்டோபரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக்கின் திருமணக் கொண்டாட்டமாகத் தொடங்கிய விழாவின் சாயல் அவற்றில் இருக்கிறது. சிறு ஆலைகளில் தயாராகும் 'கிராஃப்ட் பீர்' ஒருபுறம், பலவகை உணவு மறுபுறம். அலுவலகத்தார் கூட்டமாகப் புறப்படும்போது, "நான் குடிக்கப் போவதில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தால் என்ன?" என்று பிள்ளை கேட்கிறான். நாம் என்ன பதில் சொல்வது?

முதலில் பானத்தைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த பனைமரமே இதற்குப் பாடம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், அது ஹலால். சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிறது, அது ஹராம். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. சட்டம் மாறியது போதையினால்தான். பீரும் அப்படியே. வாற்கோதுமையை முளைக்கவைத்து, அதன் சாற்றைக் காய்ச்சி, ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைக்கிறார்கள். தானியம் ஹலால், புளித்துப் போதை ஏறியபின் ஹராம்.

இது புதிய கேள்வியுமன்று. அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் யமன் நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே தேனிலும் வாற்கோதுமையிலும் செய்யப்படும் பானங்களைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். போதை தருவது அனைத்தும் ஹராம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அதிகம் அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராமே என்றும் ஹதீஸில் வந்துள்ளது. திராட்சை, பேரீச்சை அல்லாத பானங்களின் சிறிதளவு குறித்து ஹனஃபி மத்ஹபின் முன்னோரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. எனினும் பிற்கால உலமாக்கள், சிறிதும் ஆகாது என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்றின்படியே ஃபத்வா அளித்துள்ளனர். ஆகவே 'ருசி பார்க்க ஒரு மிடறு' என்பதற்கும் இடமில்லை.

அடுத்து, குடிக்காமல் உடன் அமர்வது. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர், மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்று ஹதீஸ் தடுக்கிறது. அங்கே மது உண்டென்று முன்பே தெரிந்தால் போகாமலிருக்க வேண்டும். போன பிறகு தெரிந்தால் எழுந்துவிட வேண்டும். கோப்பை நம் கையில் இல்லாவிட்டாலும் சபை நம்முடையதாகி விடுகிறதல்லவா? இன்று வேடிக்கை பார்ப்பவனின் வெட்கம் நாளை குறைந்துவிடும் என்பதே நம் அச்சம்.

ஆனால் மறுப்பதில் முகச்சுளிப்பு வேண்டாம். உடன் வேலை செய்வோரை இகழ்வது நம் வழியன்று. "இதில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்" என்று பணிவோடு சொல்லட்டும். ஊர் வந்து திரும்பும்போது, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஒரு பெட்டி வாங்கிச் சென்று எல்லோருக்கும் கொடுக்கட்டும். பாலும் சீனியும் சேர்ந்த அந்த இனிப்பு, விலகி நின்றவன் வெறுத்து நிற்கவில்லை என்பதை அவர்களுக்கு உணர்த்தும்.

பெற்றோரே! பிள்ளை கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்கிறவன் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறான். காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள், துஆவும் செய்யுங்கள். அல்லாஹ் நம் சந்ததியினரைக் காப்பானாக! ஆமீன்.