முருங்கையை ஒடிக்கலாம், பிள்ளையை?



"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று ஒரு பழமொழி உண்டு. எங்க அப்பத்தா அடிக்கடி சொல்வாங்க. உங்க வீட்டிலும் கட்டாயம் சொல்லியிருப்பாங்க. ஒடித்த முருங்கை ஏன் சாகாமல் தழைக்கிறது? அதே காரணம் பிள்ளைக்கும் பொருந்துமா? அறிவியல் வழியாகப் பார்ப்போம்.

செடிக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது. காயம் பட்டால் எழுந்து ஓடவும் முடியாது. ஆனால் ஹார்மோன்கள் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஐந்து ஹார்மோன்கள் இருக்கின்றன: ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின், அப்சிசிக் அமிலம், எத்திலீன். காயத்தைப் பற்றிப் படிக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கணும்: ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம். இவர்களில் யாரும் தனியாக வேலை செய்வதில்லை. சில நேரம் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள், சில நேரம் ஒருவரை ஒருவர் அடக்குவார்கள்.

நுனியை ஒடித்தால்

தண்டின் நுனியில் ஆக்சின் உண்டாகிக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டே இருக்கும் வரை கணுக்களில் உள்ள பக்க மொட்டுகள் தூங்கும். செடி ஒரே கம்பாக உயரும். நுனியை ஒடித்துவிட்டால் ஆக்சின் குறைகிறது. ஆக்சின் குறைந்ததும் அந்த இடத்தில் சைட்டோகைனின் கூடுகிறது. தூங்கிய மொட்டுகள் விழித்துக்கொண்டு பக்கக் கிளைகள் வருகின்றன.

பி.கே.எம்-1 செடிமுருங்கையை 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளச் சொல்வது இதனால்தான். கிளை பெருகினால் காய் பெருகும், பறிக்கவும் கைக்கு எட்டும். ஆக, பழமொழியின் முதல் பாதி சரிதான்.

இலையைக் கடித்தால்

நுனி ஒடிவது ஒரு வகைக் காயம். இலையைப் புழு கடிப்பது வேறு வகை. 1972-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், ரயான் என்ற இரு விஞ்ஞானிகள் உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளில் ஒன்றைக் கண்டார்கள். வண்டு ஓர் இலையைக் கடித்தால் அந்த இலையில் மட்டுமல்லாமல், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒரு தடுப்புப் புரதம் சேர்ந்தது. அந்த இலையைத் தின்ற பூச்சிக்குப் புரதம் சரியாகச் செரிக்காது. சாப்பிட்டும் பட்டினிதான்!

இந்த எதிர்ப்பைத் தூண்டி விடுவதில் முக்கியமானது ஜாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே பூ வாசம் வருகிறதா? இதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் முதலில் பிரித்தெடுத்தது பிச்சிப்பூ எண்ணெயில் இருந்துதான். நாம் தலையில் வைக்கும் அதே பிச்சி!

இதற்குத் துணைக்கு வருவது எத்திலீன். வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயு. தக்காளியில் இவை இரண்டும் சேர்ந்தால்தான் தடுப்புப் புரதம் முழுமையாக உண்டாகிறது. இன்னொரு பக்கம் செடிக்கு நீர் குறைந்தால் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காக்கிறது.

ஒரு புழுவின் தந்திரம்

சாலிசிலிக் அமிலத்தின் வேலை வேறு. முக்கியமாகக் கிருமி நோய் வந்தால் அது ஏறும். அது ஏறினால் பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலத்தின் வேலை குறையும். ஒரு மடையைத் திறந்தால் அடுத்த வாய்க்காலில் தண்ணீர் குறைவது போல. ஆஸ்பிரின் மாத்திரை சாலிசிலிக் அமிலத்தின் உறவு. தக்காளி இலைக்கு ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுக் காயப்படுத்திப் பார்த்தார்கள். தடுப்புப் புரதம் சரியாக உண்டாகவில்லை.

இந்த ரகசியம் ஒரு புழுவுக்குத் தெரிந்திருக்கிறது! உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டின் புழு, கடிக்கும்போது தன் வாயிலுள்ள பாக்டீரியாக்களை இலையில் விட்டுவிடுகிறது. செடி "நோய் வந்துவிட்டது" என்று ஏமாந்து சாலிசிலிக் அமிலத்தைக் கூட்டுகிறது. புழுவை எதிர்க்க வேண்டிய ஜாஸ்மோனிக் அமிலத்தின் வேலை அடங்கிப் போகிறது. புழு நிம்மதியாகச் சாப்பிடுகிறது. இதை 2013-இல் கண்டுபிடித்தார்கள்.

திரும்பத் திரும்பக் காயம் பட்டால்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எதிர்ப்புக்குச் செலவாகும் சத்து எங்கிருந்து வரும்? வளர்ச்சிக்கு வைத்திருந்ததிலிருந்துதான். வளரச் சொல்லும் ஜிப்ரலினும், எதிர்க்கச் சொல்லும் ஜாஸ்மோனிக் அமிலமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடி இருக்கிறது. அதன் இலைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தினார்கள். செல் பிரிதல் குறைந்து செடி குள்ளமாகிவிட்டது. ஜாஸ்மோனிக் அமிலம் தயாரிக்கவே முடியாத செடிகளை அதே மாதிரி காயப்படுத்தியபோது அவை அப்படிக் குள்ளமாகவில்லை. இந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அப்படியென்றால் செடியைக் குள்ளமாக்கியது வெட்டுக்காயம் மட்டும் இல்லை. "ஆபத்து, ஆபத்து" என்று உள்ளே ஓயாமல் ஒலித்த செய்திதான்.

பழமொழிக்கு வருவோம்

ஒடிப்பது வேறு, அடிப்பது வேறு. விவசாயி எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில் என்று பார்த்துத்தான் முருங்கையை ஒடிக்கிறார். முருங்கையிடம் கணுவுக்குக் கணு தூங்கும் மொட்டு இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. அடி விழுந்த இடத்தில் நமக்குப் புதிதாக எதுவும் துளிர்க்காது. நம் ஹார்மோன்களும் செடியின் ஹார்மோன்களும் வேறு வேறு. அதனால் முருங்கையைக் காட்டிப் பிள்ளையை அடிப்பது கணக்கில் சேராத கணக்கு. செடியையே உதாரணமாகக் காட்ட வேண்டுமென்றால், ஓயாமல் அடிபட்ட செடி குள்ளமாக நின்றதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

சட்டமும் இதையே சொல்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. பெரியவர்கள் மேல் கோபப்பட்டு நான் இதை எழுதவில்லை. பழமொழியை நம்பித்தான் பல பேர் அடிக்கிறாங்க. பாதிப் பழமொழி தப்பு என்று தெரிந்தால் நிறுத்துவாங்க என்று நம்பி எழுதினேன்.

செய்து பார்ப்போம்

மூன்று கொட்டாங்குச்சியில் மண் நிரப்பித் தட்டைப்பயறு போடுங்கள். நான்கைந்து இலை வந்ததும்:

1. முதல் செடியைத் தொடாதீர்கள்.
2. இரண்டாவதில் நுனியை ஒரே ஒரு தடவை கிள்ளுங்கள்.
3. மூன்றாவதில் தினமும் ஓர் இலையை நகத்தால் அழுத்திக் காயப்படுத்துங்கள்.

மூன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். மூன்று வாரம் கழித்து உயரத்தை ஸ்கேலால் அளந்து, கிளைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். எல்லாருடைய கணக்கையும் சேர்த்து அடுத்த சுவர் இதழில் அட்டவணையாகப் போடலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி