லங்காட் ஆற்றின் காவல்

உலு லங்காட் மலைகளில் தோன்றும் லங்காட் ஆறு காஜாங், டிங்கில் வட்டாரங்களைக் கடந்து, கேரித் தீவின் ஓரமாகக் கடலில் கலக்கிறது. தீவின் செம்பனைத் தோட்டங்களுக்குள் கடல்நீர் ஏறாமல் மண்கரைகளும் மதகுகளும் காக்கின்றன. ஆற்றோடு வரும் மாசை எந்த மதகும் வடிகட்டாது. மேலே கலந்த கழிவு, மா மெரி மக்கள் மீன்பிடிக்கும் கழிமுகம்வரை வந்துவிடும்.

ஓர் ஆற்றுக்கு மழைநீரைத் தரும் நிலப்பரப்பு முழுவதும் அதன் வடிநிலமாகும். சிலாங்கூரின் வடிநிலங்களை மேலாண்மை செய்வது, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த ‘லுவாஸ்’ எனும் மாநில நீர் மேலாண்மை வாரியம். ஆற்றுநீரை எடுப்பதற்கும் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கும் அதன் அனுமதி தேவை.

ஆயினும், 2016இல் லங்காட்டின் கிளையாறான செமினி ஆற்றில் துர்நாற்றம் வீசியது. அங்குள்ள நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது. கேரித் தீவு அடங்கிய கோல லங்காட் உட்படப் பல மாவட்டங்களில் குழாய்கள் வறண்டன. பின்னர், 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, மாசுபடுத்துவோருக்கான உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது.

இருப்பினும், இவ்வடிநிலத்தின் ஒரு பகுதி நெகிரி செம்பிலானில் உள்ளது. லுவாசின் அதிகாரமோ சிலாங்கூர் எல்லையோடு முடிகிறது. அப்பாலிருந்து வரும் கழிவைத் தடுக்க, அம்மாநில அதிகாரிகளையே அது நாட வேண்டியுள்ளது.