துருவக் கடற்பனியும் ஐதராபாத்தின் பணியும்

பூமியின் இரு துருவங்களை ஒட்டிய கடல்களின் மேற்பரப்பு குளிர்காலத்தில் உறைந்து பனிக்கட்டியாகிறது. கோடையில் அதன் பெரும்பகுதி உருகிவிடுகிறது. இப்பனியின் பரப்பளவு ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவது, தட்பவெப்ப ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகும்.

கடற்பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் பாதிக்கு மேற்பட்டதைத் திருப்பி அனுப்புகிறது. கடல் நீரோ நூற்றில் சுமார் 6 பங்கையே திருப்பி, எஞ்சியதை ஏற்று வெப்பமடைகிறது. எனவே பனி குறையுமாயின் கடல் சூடேறும்; சூடேறிய கடல் மேலும் பனியை உருக்கும். ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. அதன் முக்கியத்துவம் இந்த வெப்பக் கணக்கிலேயே அடங்கியுள்ளது.

இருளிலும் காணும் முறை

துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருள் நீடிக்கும். மேகமும் கடலை மறைக்கும். சாதாரண ஒளிப்படக் கருவி அங்குப் பயன்படாது. ஆனால் எல்லாப் பொருள்களும் நுண்ணலைக் கதிர்களை இயல்பாக வெளியிடுகின்றன. கடற்பனி, திறந்த நீரைவிட மிகுதியாக இவற்றை வெளியிடுகிறது. மேகத்தையும் ஊடுருவிவரும் இக்கதிர்களைச் செயற்கைக்கோள் அளப்பதால், பனி எது, நீர் எது என்று பிரித்தறிய முடிகிறது. 1978-ல் அமெரிக்கா செலுத்திய நிம்பஸ்-7 முதல் இக்கணக்கு தொடர்ந்து கிடைத்து வருகிறது. 1999-ல் இந்தியா செலுத்திய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளிலும் நுண்ணலை அளவி இடம்பெற்றிருந்தது. 2009-ல் செலுத்தப்பட்ட ஓஷன்சாட்-2, தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை சிதறித் திரும்புவதை அளந்தது.

ஷாத்நகரும் பாரதியும்

1975-ல் ஐதராபாத்தில் செயற்படத் தொடங்கிய தேசியத் தொலையுணர்வு முகமை, 1979 முதல் அந்நகருக்கு அண்மையிலுள்ள ஷாத்நகரில் லாண்ட்சாட் செயற்கைக்கோளின் தகவல்களைப் பெற்றது. 2008-ல் அது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ்த் தேசியத் தொலையுணர்வு மையமாயிற்று.

பூமியைத் துருவங்களின் வழியே சுற்றும் செயற்கைக்கோள்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முறை வலம் வருகின்றன. அவற்றுள் சில சுற்றுகள் மட்டுமே ஷாத்நகரின் பார்வைக்கு எட்டும். துருவத்தை அடுத்த நிலையமோ பெரும்பாலானவற்றைக் காணும். ஆகவே, அண்டார்க்டிகாவில் 2012-ல் திறக்கப்பட்ட பாரதி ஆய்வு நிலையத்தில், 2013-ல் இம்மையம் ஒரு தரை நிலையத்தை அமைத்தது. அங்குப் பெறப்படும் தகவல்கள் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக ஷாத்நகரை வந்தடைகின்றன.

நீண்ட கணக்கின் தேவை

ஆர்க்டிக் கடற்பனி 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது; 1981-2010 காலத்தின் செப்டம்பர் மாதச் சராசரி 60 லட்சத்துக்கும் அதிகமாகும். அண்டார்க்டிகாவிலோ 2014-ல் குளிர்காலப் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வோர் ஆண்டை மட்டும் நோக்கியவர்கள் அங்குப் பனி பெருகுகிறதென்றே முடிவு செய்திருப்பர். ஆனால் 2023 பிப்ரவரியில் அது 18 லட்சத்துக்கும் கீழே சென்று, அதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது.

ஓர் ஆண்டின் அளவைக் கொண்டு தட்பவெப்பத்தை எடைபோட இயலாது என்பதே இதனால் பெறப்படும் பாடம். ஒரு செயற்கைக்கோளின் ஆயுள் சில ஆண்டுகளே. தட்பவெப்பக் கணக்குக்கோ பல பத்தாண்டுகள் வேண்டும். ஒன்று ஓயுமுன் மற்றொன்றைச் செலுத்துவதும், இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுச் சரிசெய்வதும், பழைய தகவல்களைப் பேணிக் காப்பதும் புதிய கண்டுபிடிப்புகளுக்கு நிகரான பணிகளாகும். கணக்கில் ஒருமுறை விழுந்த இடைவெளியைப் பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் நிரப்ப முடியாது.