மீன்தொட்டியிற் பாறைமீன் வளர்த்தல்

மன்னார் மாவட்டத்தில், முருங்கன் போன்ற சுண்ணாம்புக்கல் நிலப்பகுதிகளின் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீராகும். கேத்தலில் வெண்படிவு படிதலும், சவர்க்காரம் எளிதில் நுரையாமையும் அதற்கு அடையாளங்கள். வீட்டு வேலைக்குத் தொல்லை தரும் இந்நீரே, ஆபிரிக்காவின் மலாவி ஏரியிற் பாறையிடுக்குகளில் வாழும் சிறுமீன்களுக்கு உகந்தது. உவர்க்கிணற்று நீர் ஆகாது.

தொட்டி: நான்கடி நீளமும் 200 லீற்றர் கொள்ளளவும் வேண்டும். 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. வெயில் படும் இடத்தில் வைக்கலாகாது. கற்களை முதலில் அடித்தளத்தில் அசையாது அடுக்கி, அதன்பின் கழுவிய மணலை இடுக. இம்மீன்கள் மணலைத் தோண்டுவன. மணல்மேல் வைத்த கல் சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

நீர்: மீன்கழிவில் உண்டாகும் அமோனியா நஞ்சாகும். வயல்மண்ணில் உள்ளவை போன்ற நுண்ணுயிர்களே வடிகட்டியிற் பெருகி அதனை மாற்றுகின்றன. இதற்குச் சில வாரங்கள் செல்லும். ஆதலால் முதலில் நான்கைந்து மீன்களையே விடுக. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றுக. அகற்றிய நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைதரசன் பயிருக்குப் பயன்படும்.

உணவு: இவற்றுட் பல, கற்பாசியைச் சுரண்டி உண்பன. அவித்த கீரையும் தாவரச் சத்துள்ள மீனுணவும் சிறிதளவே இடுக. இறைச்சி கொடுத்தால் வயிறு வீங்கி இறக்கக்கூடும்.

இனப்பெருக்கம்: ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணேனும் இருத்தல் வேண்டும், இல்லையேல் ஆண்மீன் பெண்ணைத் துரத்தி வருத்தும். தாய்மீன் முட்டைகளை ஏறத்தாழ மூன்று வாரம் வாயில் வைத்துக் காக்கும். அக்காலத்தில் அது இரை எடாமையை நோயெனக் கருதற்க.

எச்சரிக்கை: பூச்சிநாசினி தெளித்த கையைத் தொட்டியில் இடாதீர்கள். வயல் வாய்க்கால் நீரையும் ஊற்றாதீர்கள். சிறிதளவு நஞ்சும் மீன் அனைத்தையும் கொல்லக்கூடும்.

வளர்க்க இயலாத மீனைக் கட்டுக்கரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் பெருந்தவறு. 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இக்குடும்பத்து ஆபிரிக்க மீனே. உணவுக்கென வந்த அது, இன்று நாட்டின் குளங்களிற் பரவிவிட்டது. குளத்தில் விட்ட மீனை மீட்டெடுத்தல் இயலாது. வேண்டாத மீனை வளர்ப்போரிடமே கையளியுங்கள்.