சாராய ஊறலும் மெத்தனால் நஞ்சும்

மலையடிவாரத்தில் வாழும் கடையநல்லூர் மக்களுக்கு 'ஊறல்' புதிய சொல்லன்று. காவல்துறையினர் கைப்பற்றிய பானைகளையும், தரையில் கொட்டி அழிக்கும் ஊறலையும் நாளிதழ்ப் படங்களில் கண்டிருப்பீர்கள். வெல்லமும் வேலம்பட்டையும் புளித்த அந்த ஊறலை வடித்தால் கிடைப்பது பெரும்பாலும் எத்தனால். அதுவும் கல்லீரலைக் கெடுப்பதே. ஆயினும் 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிர்களைப் பறித்தது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இதனைச் சுவையாலோ மணத்தாலோ பிரித்தறிய இயலாது. கல்லீரல் இதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலமே கண் நரம்பைச் சிதைக்கிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எனவே குடித்த இரவு நலமாக இருந்தவர் மறுநாள் வாந்தி, வயிற்றுவலி, பனிமூட்டம் போன்ற பார்வை என்று துன்புறுவார். போதை தெளியவில்லை என்றெண்ணி, மோர் கொடுத்து உறங்கவைக்கும் வீட்டார் உண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்; உடனே 108-ஐ அழையுங்கள்.

குடித்ததை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் போன்ற மாற்று மருந்தும், நஞ்சை அகற்ற டயாலிசிஸும் உள்ளன. அதே சாராயத்தைப் பகிர்ந்து குடித்த மற்றவர்களையும், நலமாகத் தோன்றினாலும், உடன் அழைத்து வாருங்கள்.