காடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் வேண்டாம்

புதிதாக 500 காடைகளுடன் பண்ணை தொடங்கியிருக்கிறேன். தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் சீக்கிரம் எடை கூடும் என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள். கலக்கலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

கலக்காதீர்கள். நான்கைந்து வாரங்களிலேயே 180 முதல் 200 கிராம் எடைக்கு வந்து விற்பனைக்குத் தயாராகிற பறவை காடை. அதை இன்னும் விரட்ட வேண்டியதில்லை.

தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்கும் கிருமிகள் அழியும், அடங்காதவை பெருகும். பிறகு உண்மையிலேயே நோய் வரும்போது அதே மருந்து வேலை செய்யாது. அந்தக் கிருமிகள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்துவிட்டது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கொடுக்க இந்தியா 2019-இல் தடை விதித்தது.

எடைக்கு வழி வேறு. முதல் மூன்று வாரங்கள் 25 சதவீதத்துக்குக் குறையாத புரதமுள்ள தீவனத்தை நன்றாகப் பொடித்துக் கொடுங்கள். கோழித் தீவனத்தில் அவ்வளவு புரதம் இருக்காது. முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், குஞ்சுகள் மூழ்கிச் சாகாது. கூளம் ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

காடைகள் சோர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எழுதித் தந்தால் மட்டும், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை ஆன்டிபயாடிக் கொடுங்கள். மருந்து நிறுத்தியபின் அவர் குறிப்பிடும் நாட்கள் கழித்தே விற்பனைக்கு அனுப்புங்கள்.