ஆணை முடிந்தது, பழக்கம் முடிந்ததா?

2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மூடிய பள்ளிகள் நடுவில் திறந்தன, மறுபடி மூடின. 2021 அக்டோபரில் மீண்டும் கட்டங்கட்டமாகத் திறந்தன. ஆணை போய்விட்டது. அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கங்கள் மட்டும் நம்ம வீட்டுத் தம்பி தங்கச்சிகளை இன்னும் விடவில்லை.

எல்லாரும் கைப்பேசியைத்தான் குறை சொல்றோம். ஆனால், ஜொகூரில் அந்தக் கைப்பேசி என்னவாக இருந்தது? காலையில் வகுப்பறை, மாலையில் விளையாட்டுத் திடல். அப்பாவோ அம்மாவோ சிங்கப்பூரில் வேலை செய்த வீடுகளில், இரவில் அவங்க முகமும் அதில்தான். தினமும் பாலம் கடந்து போய்வருவது அந்த மார்ச் 18-இலேயே நின்றது. ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டிலும், குறைந்தது 3 மாதம் அங்கேயே தங்கி வேலை செய்த பிறகுதான் விடுமுறைக்கு வீடு திரும்ப முடிந்தது. எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்!

அதனால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது. உண்மையில் உடைந்தது நேர ஒழுங்கு. எப்போ எழுவது, எப்போ சாப்பிடுவது, எப்போ ஓடி விளையாடுவது என்பதை முன்பு பள்ளி மணி முடிவு செய்தது. மணி நின்றதும் ஒன்று மற்றொன்றைக் கெடுத்தது. இரவில் திரை வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். தாமதமாகத் தூங்கினால் தாமதமாக எழுவார்கள்; காலைப் பசியாறல் தவறும்; உடம்பு சோர்ந்துபோய் மறுபடி கைப்பேசிதான். இது ஒரு சுற்று. சுற்றை ஓரிடத்தில் அறுத்தாலே மற்றவை இளகும்.

என்ன செய்யலாம்?

1. தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை. விடுமுறையிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாக் கைப்பேசியும் வரவேற்பறைக்குப் போகட்டும், நம்முடையதும்தான்!

2. ஓட்டம்: 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூப்பந்து, சைக்கிள் எதுவானாலும் சரி. பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பையும் குறைக்கும்.

3. பேச்சு: சாப்பிடும்போது திரை வேண்டாம். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை பல வாரம் ஒதுங்கியே இருந்தாலோ, எரிந்து விழுந்தாலோ, பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ பேசுங்கள்.

விடியுமுன் பாலம் ஏறும் பெற்றோர் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். நடுவில் இருக்கும் நேரம் அண்ணன், அக்காவான நம்ம கையில். இன்று மாலை 5 மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு திடலுக்குப் போங்கள். நாளைக்கும் அதே 5 மணி.